ரெண்டு டேபிள், ஒரு நம்பர்: தேர்தல் பத்திரத்தில் மறைந்திருந்த கணக்கு

(எபிசோடில் பேசியதைப் படிப்பதற்கு வசதியாகச் சுருக்கித் திருத்திய வடிவம்.)

ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறதைப் பற்றிப் பேசுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேசலாம். ஆனா நாம எப்பவும் பேசுறது வீட்டு வாசலுக்கு வர்ற பணத்தைப் பற்றி மட்டும்தான். கவர், டோக்கன், மூக்குத்தி, குக்கர். இன்னிக்கு நான் பேசப்போறது அந்தக் கவருக்கு ரொம்ப மேலே, கட்சியோட அக்கவுன்ட்டுக்கு வர்ற பணம். முதல் பணத்தை வாங்குறவரை நமக்குத் தெரியும். பக்கத்துத் தெருக்காரர், சில சமயம் நம்ம வீட்டுக்காரர். ரெண்டாவது பணத்தைக் கொடுத்தது யாருன்னு ஆறு வருஷம் நமக்குத் தெரியவே இல்லை. தெரியக்கூடாதுன்னு சட்டமே போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டத்தோட பேர் தேர்தல் பத்திரத் திட்டம். 2017 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அறிவித்தார். 2018 ஜனவரி 2 அன்று அரசு அறிவிக்கை வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு விரோதமானதுன்னு சொல்லி ரத்து செய்தது. இடையில் விற்பனையான பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய்.

முதல்ல பத்திரம் எப்படி வேலை செய்தது என்று பார்த்துடுவோம். ஒரு கம்பெனியோ தனி ஆளோ ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் குறிப்பிட்ட கிளைக்குப் போகணும். வேறு எந்த பேங்கும் இதை விற்க முடியாது. கேஒய்சி கொடுத்து, செக் மூலமாகவோ ஆன்லைனிலோ பணம் கட்டணும். ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று அஞ்சு மதிப்பில் பத்திரம் கிடைக்கும். அதில் வாங்கினவர் பெயர் இருக்காது, எந்தக் கட்சிக்கு என்றும் இருக்காது. அதைக் கொண்டுபோய் கட்சியிடம் கொடுத்தால், 15 நாளுக்குள் கட்சி தன் அக்கவுன்ட்டில் போட்டுக்கொள்ளும். கடைசித் தேர்தலில் குறைந்தது ஒரு சதவீத ஓட்டு வாங்கிய பதிவு பெற்ற கட்சியாக இருந்தால் போதும்.

ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் இருக்கே, சாதாரண மக்களுக்கான திட்டம்தானேன்னு தோணும். மதிப்பைக் கூட்டிப் பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய் பத்திரங்கள்தான். எங்க ஊர் நெசவாளி யாரும் தறியை நிறுத்திட்டுப் போய் ஒரு கோடிக்குப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டார்னு நம்பலாம்.

இதோட சேர்த்துக் கம்பெனிகள் சட்டத்திலும் கை வைத்தார்கள். அதுவரை ஒரு கம்பெனி, முந்தைய மூணு வருஷ சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. அந்த வரம்பை எடுத்துட்டாங்க. எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் காட்டணும் என்ற விதியும் போயிடுச்சு. மொத்தத் தொகை மட்டும் போதும். கொஞ்சம் யோசிங்க. வரம்பு இருந்தவரை, கட்சிக்கு நன்கொடை கொடுக்க ஒரு கம்பெனி முதலில் லாபம் பார்த்திருக்கணும். வரம்பு போனபிறகு நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிக்கணக்கில் கொடுக்கலாம். நஷ்டத்தில் இருக்கிறவர் தர்மம் பண்ணினால், அது யாரோட பணம்னு கேட்கத் தோணும்தானே?

இந்த ஆபத்து 2017-ல் புதுசா கண்டுபிடித்ததும் இல்லை. 1957-லேயே டாட்டா ஸ்டீல் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா, கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுப்பது ஜனநாயகத்தின் கழுத்தை நெரிக்கும் அளவுக்கு வளரலாம் என்ற கருத்தில் எச்சரித்தார். 1969-ல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை மொத்தமாகத் தடை செய்தது. தடையால் பணம் நிற்கலை, மேஜைக்கு மேலே போனது கீழே போச்சு. 1985-ல் மறுபடி அனுமதித்தார்கள். பத்திரத்துக்கு அரசு சொன்ன நியாயமும் இதுதான்: கறுப்புப் பணத்தைவிட பேங்க் வழியா வர்ற பணம் மேல். அதை நான் முழுசா தள்ளிவிட மாட்டேன். பேங்க் வழியா வந்தது நல்லது. பிரச்சினை, பேங்க்குக்குத் தெரிஞ்ச விஷயம் வேற யாருக்கெல்லாம் தெரிஞ்சது என்பதில்.

2018-ல் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் ஒரு வேலை செய்தார். ஆயிரம் ரூபாய் பத்திரம் ரெண்டு வாங்கி தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை எண் புற ஊதா விளக்கின் கீழ் தெரிந்தது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனி எண். எங்க ஊரில் புடவை ஜரிகை அசலா என்று பார்க்க நூலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் அசல். பத்திரத்தைச் சுரண்டினப்ப தெரிஞ்ச சிவப்பு இழை இந்த நம்பர்தான். அரசாங்கம் அது போலிப் பத்திரத்தைத் தடுக்க வைத்த பாதுகாப்பு அம்சம் என்றது. இருக்கலாம். ஆனா டேட்டாபேஸோட குடும்பம் நடத்துற என்னை மாதிரி ஆளுங்களுக்கு, தனி எண் என்றாலே அது ஒரு சாவி.

புரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஒரு டேபிளில் பத்திர எண், வாங்கினவர் பெயர், தேதி. இன்னொரு டேபிளில் பத்திர எண், பணமாக்கிய கட்சி, தேதி. ரெண்டிலும் பொதுவாக இருப்பது எண். அந்த எண்ணை வைத்து ரெண்டு டேபிளையும் இணைத்தால், எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எப்போ கொடுத்தது என்று வரிசையா வந்து நிக்கும். கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் முதல் மாசமே இதைச் சொல்லித் தருவார்கள். ஜாயின் என்று பேர்.

அதனாலதான் 2024 மார்ச்சில் நடந்தது எனக்கு மறக்காது. தகவலை மார்ச் 6-க்குள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கணும்னு நீதிமன்றம் சொல்லியிருந்தது. மார்ச் 4 அன்று ஸ்டேட் பேங்க் போய் ஜூன் 30 வரை டைம் கேட்டது. 2019 ஏப்ரல் 12-லிருந்து 22,217 பத்திரங்கள். வாங்கினவர் விவரம் தனியா, பணமாக்கியவர் விவரம் தனியா, ஆக 44,434 தகவல்களைப் பொருத்திப் பார்க்கணும், அதுக்கு நேரம் வேணும்னாங்க. ஜூன் 30-க்குள் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து ஆட்சியும் அமைந்திருக்கும். விவரங்களில் ஒரு பகுதி காகிதத்தில், சீல் வைத்த உறையில் மும்பையில் இருந்தது என்று பேங்க் சொன்னது. சரி, இருக்கட்டும். கையால எக்ஸெலில் அடிச்சாலும் 44,434 வரிக்கு நாலு மாசமா? நீதிமன்றமும் ஏற்கலை. மார்ச் 11 அன்று, நாளைக்கே கொடுங்கன்னு சொல்லிட்டாங்க. மார்ச் 14 அன்று ரெண்டு பட்டியலும் வெளியே வந்தது, அந்த எண் மட்டும் இல்லாமல். சாவியைக் கழற்றி வைத்துக்கொண்டு பூட்டைக் கொடுத்த கதை. நீதிமன்றம் மறுபடி கேட்டபிறகு மார்ச் 21 அன்று எண்களும் வந்தது. அன்னிக்கு ராத்திரியே நாட்டில் பல பேர் லேப்டாப்பில் அந்த ஜாயினை ஓட்டிப் பார்த்தாச்சு. நானும்தான். ஓடி முடிய சில நொடிகூட ஆகலை.

இப்ப முக்கியமான இடம். இந்த ஜாயின் ஆறு வருஷம் யாருக்கெல்லாம் சாத்தியமா இருந்தது? வாங்கினவருக்குத் தான் யாருக்குக் கொடுத்தோம்னு தெரியும். கட்சிக்கும் பெரும்பாலும் தெரியும். பத்திரத்தைக் கையில் கொண்டுவந்து கொடுப்பவரின் முகம் தெரியாதா? நீதிமன்றமும் இதைச் சொன்னது. நன்கொடையாளர் யார் என்பது கட்சிக்குத் தெரிய வழி இருக்கு, ரகசியம் வாக்காளரிடம் மட்டும்தான். பேங்க் அரசுத் துறை பேங்க். திட்டத்தின் விதிப்படி, குற்ற வழக்கு பதிவானால் விசாரணை அமைப்புகள் அந்த விவரத்தைக் கேட்டு வாங்கலாம். அந்த அமைப்புகள் யார் கையில் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆக, ஆளுங்கட்சிக்கு எதிரா இருக்கிற கட்சிக்குப் பணம் கொடுக்க நினைக்கும் ஒரு கம்பெனி, தான் கவனிக்கப்படலாம் என்ற பயத்தோடுதான் கொடுக்கணும். ஆளுங்கட்சிக்குக் கொடுக்கிறவருக்கு அந்தப் பயம் இல்லை. போட்டி தொடங்குமுன்னே மைதானம் ஒரு பக்கம் சாய்ந்தாச்சு. தேர்தல் நியாயமா நடக்குதா என்ற கேள்வியை நாம வாக்குப்பதிவு இயந்திரத்தில் மட்டுமே தேடுறோம். எனக்கு இந்தச் சாய்வு அதைவிடப் பெருசாத் தெரியுது.

நம்பருக்கு வருவோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகான பட்டியலில் பாஜக பணமாக்கியது சுமார் 6,060 கோடி, கிட்டத்தட்ட பாதி. அடுத்து திரிணமூல் சுமார் 1,609 கோடி, காங்கிரஸ் சுமார் 1,421 கோடி, பிஆர்எஸ் சுமார் 1,214 கோடி. மாநிலத்தில் ஆட்சியில் இருந்த கட்சிகளும் நல்லாவே வாங்கியிருக்கு என்பதைக் கவனிங்க. அதிகாரம் இருக்கிற இடத்துக்குப் பணம் போகும். பத்திரமே வேண்டாம்னு சொன்னது இடதுசாரிகள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வழக்கே போட்டது. ஏ.டி.ஆர், காமன் காஸ் என்ற ரெண்டு அமைப்புகளும் மனுதாரர்கள்.

தேதிகளை வைத்துப் பார்த்தால் சில வரிகள் நெருடும். 2022 நவம்பர் 10 அன்று டெல்லி மதுக் கொள்கை வழக்கில் அரபிந்தோ பார்மாவின் இயக்குநர் ஒருவரை அமலாக்கத்துறை கைது செய்தது. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அதைப் பணமாக்கியது பாஜக. பின்னாடி அவர் அந்த வழக்கில் அப்ரூவர் ஆனார். இதில் எது எதற்குக் காரணம்னு தேதிகள் மட்டும் நிரூபிக்காது. ஒன்றன்பின் ஒன்று வந்தாலே ஒன்றினால்தான் மற்றொன்று என்று ஆகாது. நானே டீமில் தினமும் இந்தச் சண்டை போடுறவன். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கணும்னு வந்த மனுவையும் 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கலை. ஆனா கேள்வி கேட்கவே தேதி வேணுமே. அந்தத் தேதி ஒன்றரை வருஷம் நமக்கு இல்லை.

டெல்லிக் கதையோட நிறுத்தினா அது ஓரவஞ்சனை. நம்ம மாநிலத்துக்கு வருவோம். நாட்டிலேயே அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்: 1,368 கோடி. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை அவர் தரப்பின் சுமார் 409 கோடி சொத்தை முடக்கியது; அதே மாசத்தில் அந்த நிறுவனம் 100 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. பணம் அதிகமாகப் போனது திரிணமூலுக்கும் திமுகவுக்கும். திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்ன கணக்குப்படி, அது பத்திரம் மூலம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரே நிறுவனத்திடமிருந்து. நாலில் மூணு பங்குக்கும் மேல், ஒரே கை.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. அதாவது, இந்த மாநிலத்தில் ஒரு சீட்டுகூட விற்க முடியாத தொழிலிலிருந்து, 2021-ல் இந்த மாநிலத்தில் ஆட்சிக்கு வந்த கட்சிக்கு 509 கோடி. தடை இன்னும் நீடிக்கிறது, அதையும் சொல்லணும். பணம் வாங்கி லாட்டரியைத் திறந்துவிட்டார்கள்னு யாரும் சொல்ல முடியாது. அப்போ எதுக்காகக் கொடுத்தார்? நல்லெண்ணமா, முன்னெச்சரிக்கையா, வேற எதுவுமா? 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டப்ப இந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே நமக்கு இல்லை என்பதுதான் என் குறை. திமுகவுக்கு ஒரு விஷயத்தில் மார்க் கொடுக்கணும்: கொடுத்தவர் பெயரைத் தானாகச் சொன்ன சில கட்சிகளில் அதுவும் ஒன்று. அதிமுகவும் சொன்னது, அதற்கு வந்தது சுமார் 6 கோடி, அதில் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனமும் உண்டு. பாஜக பெயர்களைச் சொல்லலை. ஐக்கிய ஜனதா தளம் சொன்ன பதில்தான் உச்சம்: 2019-ல் யாரோ ஒருத்தர் பாட்னா ஆபீஸுக்கு வந்து ஒரு கவரைக் கொடுத்துட்டுப் போனார், பிரிச்சுப் பார்த்தா ஒரு கோடி பத்திரம் பத்து இருந்துச்சாம். வீட்டு வாசலில் யாராவது பத்து கோடி வெச்சுட்டுப் போனா நாம போலீஸுக்குத்தானே போவோம்!

சரி, கட்சி அக்கவுன்ட்டில் வந்த பணம் நம்ம தெருவில் என்ன பண்ணும்? இங்கே ஒரு ஓட்டை இருக்கு. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாம் என்பது 2022-ல் வந்த வரம்பு. நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். கட்சிக்கு? வரம்பே இல்லை. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்கணும்னு சொன்னது. உடனே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கினார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு சுயேச்சை வேட்பாளர் டீக்கடைச் செலவு வரை ரசீது வைத்துக் கணக்குக் காட்டணும். அவருக்கு எதிரே ஹெலிகாப்டர், டிவி விளம்பரம், மொபைலைத் திறந்தா வந்து விழும் வீடியோ, எல்லாம் கட்சிக் கணக்கில்.

வாசலுக்கு வர்ற பணத்தையும் பேசாம விட முடியாது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் பெயர் ஒரு ஃபார்முலாவாகவே மாறிடுச்சு. 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடி நடந்தப்ப, 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்து, நோட்டின் வரிசை எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு பின்னாடி பணம் தருவதாகச் சொன்னார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2019-ல் நம்ம பக்கத்து வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பணம் பிடிபட்டதால் ரத்தாகி, ஆகஸ்ட்டில் நடந்தது. அந்த 20 ரூபாய் நோட்டும் ஒரு கோடி ரூபாய் பத்திரமும் டெக்னிக்கலா ஒண்ணுதான்: நம்பரைக் குறித்துவைத்தவருக்கு யார் யார்னு தெரியும். ஆனா டோக்கன் வாங்கின அம்மாவை நாம டிவியில் உட்கார்ந்து ஜனநாயகத்தை விற்றவர்னு திட்டினோம். பத்திரம் வாங்கினவருக்குச் சட்டமே முகமூடி தைத்துக் கொடுத்திருந்தது.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து இதைப் பேசும்போது உத்திரமேரூரைத் தாண்டிப் போக முடியாது. இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921 வாக்கில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கு, குடவோலை முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடிகூட அதைக் குறிப்பிட்டார். நாம பெருமையா ஷேர் பண்றப்ப, அது பிராமண ஊர்ச் சபை, நிலமும் வேதப் படிப்பும் கேட்டது, பெண்களுக்கும் உழைத்தவர்களுக்கும் இடமில்லை, ஓட்டும் இல்லை, குலுக்கல்தான் என்பதை விட்டுடுவோம். அதெல்லாம் உண்மை. ஆனா அதில் ஒரு விதியை நான் எங்கே போனாலும் சொல்வேன். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, அவரோட மாமனார், மருமகன், பெரியம்மா பிள்ளைகள்னு நீளமா ஒரு உறவுப் பட்டியல் போட்டு, அவங்களும் கூடாதுன்னு வெட்டியிருக்காங்க. தன் பேரில் கணக்கை மறைத்து மச்சான் பேரில் வருவார்கள்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னே யோசிச்சிருக்காங்க. கிளைக் கம்பெனி, பினாமிக் கம்பெனின்னு இன்னிக்கு நாம சொல்றது அந்த மருமகனைத்தான்.

2024 தீர்ப்பு இந்தக் கணக்கு விஷயத்தைத்தான் பிடித்தது. அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் அஞ்சு நீதிபதிகள், ஒருமித்த முடிவு. கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் தகவல் உரிமை, அது பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவுக்குள் வரும் என்றார்கள். 7.5 சதவீத வரம்பை எடுத்ததும் செல்லாது என்றார்கள். அளவில்லாத கம்பெனிப் பணம் சுதந்திரமான, நியாயமான தேர்தலுக்கே எதிரானது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பத்திரம் போயிடுச்சு, அப்போ எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. தேர்தல் அறக்கட்டளைகள்னு 2013-லிருந்து ஒரு வழி இருக்கு. பல கம்பெனிகள் ஒரு அறக்கட்டளையில் பணம் போடும், அறக்கட்டளை கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். போட்டவர் பட்டியல் வரும், வாங்கிய கட்சிப் பட்டியலும் வரும். யார் போட்ட பணம் யாருக்குப் போச்சுன்னு கேட்டால், எல்லாம் ஒரே அண்டாவில் கலந்தாச்சு. மறுபடி ரெண்டு டேபிள், நடுவில் சாவி இல்லை. 20,000 ரூபாய்க்குக் கீழே கொடுத்தவர் பெயரைக் கட்சி சொல்லவே வேண்டாம். ஒரே பணத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

20,000-க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு கட்சியும் வருஷா வருஷம் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கணும். ஆணையத்தின் இணையதளத்தில் நன்கொடை அறிக்கை என்ற பகுதியில் பிடிஎஃப்பாக இருக்கும். பல பக்கங்கள் ஸ்கேன் செய்த படம்தான், தேடினால் ஒரு எழுத்துகூடச் சிக்காது. அதை டேபிளாக மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன். முதலில் ஓடுவது தமிழ்நாட்டுக் கட்சிகளோட அறிக்கைகள். அடுத்த எபிசோடில் அதைத் திறந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலை வைத்திருக்கும் கம்பெனிகளில் யார் பெயர் எந்தக் கட்சிப் பட்டியலில் இருக்கு என்று சேர்ந்து பார்ப்போம்.